ஈரத் தூளி – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் தளத்தை நாலு வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. மயிலாடுதுறைப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறேன். எங்கள் சபையின் பிரதிஷ்டைப் பண்டிகைக்காகப் பன்னிரண்டு பேருடைய சாட்சியை, அதாவது ஆண்டவர் தங்கள் வாழ்க்கையில் செய்ததை அவர்களே சொல்வதை, ஆளுக்கு மூன்று நிமிடம் வீதம், வீடியோ எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். காசு வாங்கவில்லை, ஊழியமாகத்தான் செய்கிறேன். ஒன்பது பேர் முடிந்துவிட்டார்கள். ஆனால் கேமராவைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாமா? பின்னணியில் கீபோர்டு சேர்க்கலாமா? நான் கேட்கும் கேள்விகளையும் பன்னிரண்டு பேர் பட்டியலையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. ஒரு அக்கா, குடியால் கணவரை இழந்தவர், இருபத்திரண்டு நிமிடம் பேசினார். அழுத இடத்தில் அவருடைய போன் அடித்துவிட்டது. அந்த இடத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னேன். அழுகை முன்போல வரவில்லை. மூன்றாவது முறை வந்தது. இப்போது அவருடைய மகன் அந்த வீடியோவே வேண்டாம் என்கிறான். அக்கா சம்மதித்துத்தான் பேசினார். போடலாமா? நல்ல காலர் மைக் எது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

போடாதீர்கள். அம்மா சம்மதித்தது அம்மாவின் கதைக்கு. அந்தக் குடிகார அப்பா அவனுக்கும் அப்பா. நாளைக்கு அவனோடு படிக்கிற பையன்கள் கையில் அந்த வீடியோ போய் நிற்கும். மகன் வேண்டாம் என்றால் வேண்டாம், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆனால் ‘மூன்றாவது முறை வந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரியை ரெண்டு நாளாக என்னால் விழுங்க முடியவில்லை. கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் யாரோ ஒரு மாமா குறுக்கே நின்று மறைத்துவிட்டால், ‘சார், கட்டுற மாதிரி ஒரு தடவை கையை வைங்க’ என்பீர்கள். மாப்பிள்ளையும் வைப்பார். அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டீர்கள் என்று புரிகிறது. புரிந்தாலும் கோபம் போகவில்லை. புருஷன் செத்த இடத்தைத் திரும்பச் சொல்லு, இன்னும் கொஞ்சம் அழு என்று ஒரு பெண்ணிடம் கேட்டிருக்கிறீர்கள். ஊழியம் என்று வேறு சொல்கிறீர்கள். முதலில் அந்த அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். ஒரு சீப்பு பழம் வாங்கிக்கொண்டு போங்கள், கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

சரி. நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை. சாட்சி என்ற சொல் கொஞ்ச நாளாகவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

என் அப்பா கோர்ட்டில் டைப்பிஸ்ட். அதனால் அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் இரண்டு வாசல் வழியாகவும் வந்தது. புதன்கிழமை வீட்டு ஜெபத்தில் யாராவது எழுந்து, ‘ஒரு சின்ன சாட்சி’ என்பார்கள். (சின்ன சாட்சி என்று தொடங்கிய எதுவும் அரைமணி நேரத்துக்குள் முடிந்ததாக எனக்கு நினைவில்லை.) அவர்கள் உட்கார்ந்ததும் அப்பா என் காதருகே குனிந்து, ‘சீஃப் முடிஞ்சுது, கிராஸ் இருக்கா?’ என்பார். முதல் விசாரணை ஆயிற்று, குறுக்கு விசாரணை உண்டா என்று அர்த்தம். அம்மா முறைப்பாள்.

அப்பா சொல்லிச் சொல்லி எனக்குப் பதிந்தவை ரெண்டு. நேரில் கண்டதையும் கேட்டதையும்தான் சாட்சி சொல்லலாம், ஊர் சொன்னது பொதுவாகச் செல்லாது. இன்னொன்று, உன் பக்கத்துச் சாட்சியிடம் பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்காதே. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்தவை இவை. 2024 ஜூலையில் சட்டத்தின் பெயர் மாறியும் இவை மாறவில்லை.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ‘அந்த இருண்ட நேரத்தில் ஆண்டவருடைய பிரசன்னத்தை எப்படி உணர்ந்தீர்கள்?’ இதற்கு யார்தான் என்ன பதில் சொல்ல முடியும்? ஒரே அச்சை எண்ணெயில் விட்டுக்கொண்டே இருந்தால் அச்சுமுறுக்கு வேறு வேறாகவா வரும்? உங்கள் ஒன்பது பேரில் எத்தனை பேர் ‘உளையான சேற்றிலிருந்து தூக்கியெடுத்தார்’ என்றார்கள், எண்ணிப் பாருங்கள். சங்கீதத்தில் வருகிற சொல்தான், அழகான சொல்தான். ஆனால் நம் பக்கத்தில் சேறு என்றால் நடவு. விடிகாலையில் அதற்குள் இறங்கினால்தான் அன்றைக்குக் கூலி. சேற்றில் நின்று பிழைக்கிற பெண்மணியும் கேமராவுக்கு முன்னால் வந்ததும் சேற்றைப் பழிக்கிறாள் என்றால், பேசுவது அவளில்லை. ‘அன்னைக்கு வீட்டுல என்ன குழம்பு?’ என்று கேளுங்கள். ‘பக்கத்துல யாரு இருந்தா?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். எழுதிக் கொடுக்கிற பேச்சே வேண்டாம்.

பக்கத்தில் யார் இருந்தார் என்பது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன்.

1977 நவம்பர் 12 விடியற்காலை நாகப்பட்டினத்துக்குக் கொஞ்சம் தெற்கே புயல் கரை கடந்தது. கஜா வரும்வரை எங்கள் தலைமுறைக்குப் புயல் என்றால் அதுதான். அப்பாவின் தங்கை, என் அத்தை, பொறையாரில் எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தாள். ஆறு மாதக் குழந்தை. பின்கட்டு உத்தரத்தில் தூளி. அன்றைக்கு ராத்திரி அத்தை குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துக்கொண்டு முன்கட்டுக்கு வந்தாள். வந்து கொஞ்ச நேரத்தில் கொல்லைத் தென்னை ஓட்டின்மேல் சாய்ந்து பின்கட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. மறுநாள் நானே பார்த்தேன். எனக்கு ஒன்பது வயது. ஓட்டுக் குவியலுக்கு நடுவிலிருந்து தூளிச் சேலையின் ஒரு முனை மட்டும் வெளியே வந்து, மழையில் நனைந்து கறுத்துக் கிடந்தது.

இதை அத்தை புதன்கிழமைகளில் சாட்சியாகச் சொல்வாள். ‘பிள்ளையை எடு’ என்று ஒரு சத்தம் கேட்டது என்பாள். அந்த இடத்தில் குரல் இறங்கும். பெண்கள் ஸ்தோத்திரம் என்பார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறியும்.

எதிர்வீட்டில் ஒரு பெரியம்மா. எங்கள் வேதம் இல்லை, மாரியம்மனுக்கு வருடா வருடம் தீ மிதிப்பவர். ஜெபம் நடக்கும்போது வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வார், சுண்டலுக்குத்தான் வருகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்வார். புயலன்று கூரை பறந்துபோனதால் அவரும் அத்தை வீட்டில்தான் இருந்தார். ஒரு புதன்கிழமை அத்தை ‘சத்தம்’ என்ற இடத்துக்கு வந்ததும் திண்ணையிலிருந்து குரல் வந்தது.

‘ஏண்டி, சத்தமா கேட்டுச்சு? புள்ள தூளிய நனைச்சுட்டுக் கத்துச்சு. தூக்கித் தொலைடின்னு நாந்தான் சொன்னேன்.’

கூடம் முழுக்கச் சிரிப்பு. போதகர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது. ஒரு மாதம் எதிர்வீட்டுக்கு உறைமோர் கேட்டுக்கூடப் போகவில்லை. சாட்சியும் சொல்லவில்லை.

அப்புறம் ஒருநாள் எழுந்தாள். ‘புள்ள தூளிய நனைச்சுது. அக்காதான் தூக்குடின்னாங்க. நனைக்க வெச்சது யாரு? இவங்க கூரையப் பிச்சு, இவங்களக் கொண்டாந்து எங்க வீட்டுல ஒக்கார வெச்சது யாரு?’ என்று சொல்லிவிட்டுத் திண்ணைப் பக்கம் பார்த்தாள். பெரியம்மா சுண்டலை மென்றுகொண்டே, ‘ம்… அது சரி’ என்றார். அப்பா என் காதில், ‘நோ ஃபர்தர் கொஸ்டின்ஸ்’ என்றார்.

நான் ஆலயத்துக்குப் போய் வருடங்கள் ஆகின்றன. விசுவாசம் எனக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் மயிர்க்கூச்செறிந்த பழைய சாட்சியைவிட ஈரத்தூளிச் சாட்சியைத்தான் நான் நம்புகிறேன். அதை அத்தை தனியாகச் செய்யவில்லை. திண்ணையில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் எடுக்கிற வீடியோவில் திண்ணை இல்லை. நீலத் துணி, ரெண்டு விளக்கு, ஹெட்போன் மாட்டிய நீங்கள். உங்களுக்கு அந்தக் கதையில் எது நடந்தது, எது சேர்ந்தது என்று தெரியாது. பார்க்கப்போகிறவர்களுக்கும் தெரியாது. அதனால்தான் எல்லோரும் உயரப் பறக்கிறார்கள்.

இது கேமரா கொண்டுவந்த நோய் என்றும் சொல்ல மாட்டேன். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706 ஜூலை 9. நாலே வருடத்தில், 1710இல், இங்கிருந்து மிஷனரிகள் அனுப்பிய கடிதங்களும் குறிப்புகளும் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் அச்சாகத் தொடங்கிவிட்டன. இன்னார் மனந்திரும்பினார் என்று அங்கே படித்துவிட்டுக் காணிக்கை அனுப்பினார்கள். அந்த இன்னாருடைய எதிர்வீட்டுக்காரரை அங்கே யாரும் கேட்க முடியாது, நடுவில் கடல். ஆனால் சீகன்பால்க்கும் அவரோடு இருந்த குரூண்ட்லரும் இன்னொரு காரியம் செய்தார்கள், அதற்காக அவர்களை எனக்குப் பிடிக்கும். 1712 முதல் 1714 வரை இங்கிருந்த தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். வந்த பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, அதே ஹாலே வெளியீட்டில் வரச் செய்தார்கள். மதம் மாறாதவர்கள் எழுதிய கடிதங்கள். மாட்டைத் தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், உங்கள் ஆட்களின் நடத்தை இப்படி இருக்கிறது, பிறகு உங்கள் வேதத்தை எப்படி மெச்சுவது என்ற தொனியெல்லாம் அதில் உண்டு. எங்கள் பெரியம்மாவுக்கு முன்னாலேயே திண்ணையில் உட்கார்ந்தவர்கள்.

உங்கள் ஊரிலேயே ஒருவர் இருந்தார். மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை. 1879இல் தமிழின் முதல் நாவலை வெளியிட்டவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கிறிஸ்தவர், கீர்த்தனை எழுதியவர். காலையில் சாமியைப் பாடிவிட்டுப் பகலெல்லாம் கூண்டில் ஏறுகிறவர்களின் பொய்யையும் மெய்யையும் பிரித்தவர். அவர் முன்னால் உங்கள் ஒன்பது வீடியோவைப் போட்டுக் காட்டினால் எத்தனை தேறும் என்று நினைத்துக்கொண்டேன், சிரிப்பு வந்தது.

ஆகவே ஒன்று செய்யுங்கள். பேசுகிறவருக்கு எதிரே, கேமராவுக்குப் பக்கத்தில், அந்தக் கதை நடந்தபோது கூட இருந்த ஒருத்தரை உட்கார வையுங்கள். நாத்தனாரோ, பக்கத்து வயல்காரரோ, பழைய கூட்டாளியோ. சபை ஆளாக இருக்க வேண்டியதில்லை, இல்லாவிட்டால் இன்னும் நல்லது. லென்ஸைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பேசட்டும். அவர் குறுக்கே பேசினால் வெட்டாதீர்கள், இருவருக்கும் மைக் மாட்டுங்கள். மூன்று நிமிடத்தில் அடங்காது என்று கமிட்டி சொல்லும். பன்னிரண்டு பேரை நாலு பேராகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குறைக்கும்போது அந்தப் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள். ரெண்டு ரிட்டயர்டு தலைமையாசிரியர், ஒரு பேங்க் மேனேஜர், ஒரு டாக்டர், கமிட்டிக்காரர்கள் மூன்று பேர். ஆலயத்தைத் தினமும் திறந்து பெருக்குகிற அம்மா எங்கே? கேட்டால் அவருக்குப் பேச வராது என்பீர்கள். கேட்டுப் பார்த்தீர்களா?

சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன், ஆண்டவர் சுகமாக்கினார் என்று ஒருவர் சொன்னதாக உங்கள் பட்டியலில் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தத் துண்டு வெளியே போகவே கூடாது. மாயமாகக் குணமாகும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், அதைப் பார்த்துவிட்டு எந்தக் கிழவி மாத்திரையைக் குப்பையில் போடப்போகிறாளோ.

கீபோர்டு வேண்டாம். மைக் எதுவானாலும் சரி, மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள். வேர்க்கும், பரவாயில்லை.

பெரியம்மா 2009இல் போய்விட்டார். அதற்குப் பிறகும் அத்தை சாட்சி சொல்வதுண்டு. அந்த இடம் வந்ததும் பெரியம்மாவின் குரலிலேயே ‘ஏண்டி, சத்தமா கேட்டுச்சு?’ என்று தானே கேட்டு, தானே பதில் சொல்வாள். 2016இல் ஒரு குழு வீட்டுக்கு வந்து எடுத்தது. நான்தான் வெளிச்சத்துக்காகத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை முழுதாகத்தான் சொன்னாள். கடைசியில், ‘அம்மா, அதையே சுருக்கமா ஒரு வரியில சொல்லுங்க’ என்று கேட்டார்கள். அவளுக்குக் களைப்பு, சொல்லிவிட்டாள். வந்த வீடியோ ரெண்டரை நிமிடம். தூளி நனையவில்லை, எதிர்வீடு இல்லை, அடியில் கீபோர்டு.

அந்தக் கிறிஸ்துமஸ் ராத்திரி என் தம்பி மகன் போனில் அதை ஓடவிட்டான். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரோ ஒருத்தி பேசுவதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘பிள்ளையை எடு என்று ஒரு சத்தம் கேட்டது’ என்றது போன்.

‘ஏண்டி, சத்தமா கேட்டுச்சு?’ என்றாள் அத்தை.