பந்து எறியும் பிள்ளைகளின் முழங்கையும் தோளும்: கேள்வி பதில்

பேஸ்பால் ஆடும் பள்ளிப் பிள்ளைகளின் கைவலி பற்றி நம் வட்டாரத்துக்காரர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. நான் காட்பாடியில் பிசியோதெரபி பார்க்கிறேன்.

கேள்வி (குடியாத்தம், ஒரு அப்பா): பையனுக்கு 12 வயது, பிட்சர் (பந்து எறிபவன்). எறியும்போது முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்கிறான். பி.டி. சார் சதைப் பிடிப்பு என்கிறார். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. குறுவட்டப் போட்டிக்கு அனுப்பலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. இந்த வயதில் முழங்கையின் உள்பக்க எலும்பு முனை மேல்கை எலும்போடு முழுதாக ஒட்டியிருக்காது. நடுவில் குருத்தெலும்பாலான வளர்தட்டு இருக்கும். மணிக்கட்டை மடக்கும் தசைகளும் உள்பக்க ஜவ்வும் அந்த முனையில்தான் பிடித்திருக்கின்றன. கையைப் பின்னால் கொண்டுபோய் வேகமாக முன்னே வீசும்போது முழங்கை உள்பக்கமாக விரியப் பார்க்கும். பெரியவர்களுக்கு அந்த இழுப்பில் ஜவ்வு கிழியும். பிள்ளைகளுக்கு ஜவ்வைவிட வளர்தட்டு பலவீனம், அதனால் முதலில் அடிபடுவது அதுதான். அமெரிக்காவில் இதற்கு, அங்குள்ள லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் பெயரால், லிட்டில் லீக் எல்போ என்றே பெயர்.

ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கலாம். இரண்டு முழங்கையையும் எடுத்து ஒப்பிட்டால்தான் சில நேரம் இடைவெளி கூடியிருப்பது தெரியும். பொதுவாக 4 முதல் 6 வாரம் எறியவே கூடாது. ஓடட்டும், கால், இடுப்புப் பயிற்சி செய்யட்டும். வலியில்லாமல் கையை முழுதாக மடக்கி நீட்ட முடிந்த பிறகு, சிறிய தூரத்தில், குறைந்த வேகத்தில் தொடங்கி படிப்படியாகக் கூட்டலாம். ‘இந்த ஒரு மேட்ச் மட்டும், மாத்திரை போட்டு’ என்று கேட்பவர்கள் நிறைய. வலியை மாத்திரையால் மறைத்து எறிந்து அந்த முனை பிய்த்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போக நேரலாம்.

கேள்வி (ஆரணி, பயிற்சியாளர்): ஒரு நாளில் எத்தனை பந்து வரை போடவிடலாம்?

பதில்: கேட்டதற்கே நன்றி சார். நம் பக்கம் ஓட்டத்தை எண்ணுகிறோம், பந்தை எண்ணுவதில்லை. அமெரிக்க லிட்டில் லீக் 2007-லேயே இன்னிங்ஸ் கணக்கை விட்டுவிட்டுப் பந்துக் கணக்குக்கு வந்துவிட்டது. அங்கே பிட்ச் ஸ்மார்ட் என்ற வழிகாட்டுதல் இருக்கிறது. அதன்படி ஆட்டத்தில் ஒரு நாளைக்கு 9-10 வயதுக்கு 75, 11-12 வயதுக்கு 85, 13 முதல் 16 வரை 95 பந்துதான் உச்சம்.

உச்சத்தைவிட ஓய்வு நாள்தான் முக்கியம் என்பேன். 14 வயது வரை உள்ளவர்கள் 20 பந்துக்குள் போட்டால் மறுநாளும் போடலாம். 21-35 என்றால் ஒரு நாள் ஓய்வு, 36-50 என்றால் இரண்டு, 51-65 என்றால் மூன்று, 66-க்கு மேல் போனால் நான்கு நாள். காலையில் ஒரு போட்டி, மதியம் ஒரு போட்டி, மறுநாள் இறுதி ஆட்டம் என்று நடத்தும் நம் அட்டவணைக்கு இது ஒத்தே வராது. ஒரே பிட்சரை நம்பாமல் மூன்று பேரையாவது தயார் செய்வதுதான் வழி. பிட்சராக இருந்த பையனையே அன்று கேட்சராகவும் (பிட்சர் எறியும் பந்தைப் பிடித்துத் திருப்பி எறிபவன்) உட்கார வைக்காதீர்கள், கேட்சரும் நாள் முழுக்க எறிந்துகொண்டுதான் இருக்கிறான். பள்ளி அணி, கிளப் அணி என்று இரண்டு இடத்தில் ஆடுபவனுக்கு இரண்டு கணக்கையும் கூட்டுங்கள்.

எண்ணிக்கை எட்டாமலே களைத்துப் போனாலும் நிறுத்திவிட வேண்டும். முழங்கை தாழ்கிறது, பந்து மேலே மேலே போகிறது, ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் நேரம் எடுக்கிறான் என்றால் போதும். வேலூர் வெயிலில் இது சீக்கிரமே வரும். ஆண்டில் நான்கு மாதமாவது எறியாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக. அக்னி நட்சத்திரத்தில் சம்மர் கேம்ப் நடத்துவதற்குப் பதில் அந்த ஓய்வைக் கொடுக்கலாமே.

கேள்வி (ராணிப்பேட்டை, ஒரு அம்மா): 14 வயதுப் பையன். தோள்பட்டைக்குக் கீழே மேல்கையில் வலி. எறிந்தால் மட்டும்தான் வலிக்கிறது.

பதில்: மேல்கை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் தோள்பக்க வளர்தட்டில்தான் நடக்கிறது அம்மா. எறியும்போது கை முறுக்குவதால் அந்தத் தட்டு நைந்து அகன்றிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அதுதான் என்றால் முழங்கையைவிட நாள் பிடிக்கும், மூன்று மாதம் போல.

கேள்வி (ஆற்காடு, தாத்தா): பேரனுக்கு எண்ணெய் போட்டு நீவி, புத்தூர் கட்டு போட்டு வரலாமா?

பதில்: புத்தூருக்குப் போகாத குடும்பம் நம் பக்கம் குறைவு, தெரியும் ஐயா. ஆனால் வளர்தட்டு நைந்த இடத்தை அழுத்தி நீவுவது கெடுதல். கட்டைப் பிரித்த மறுநாளே மைதானத்துக்கு அனுப்பினால் கட்டியதும் வீண்.

கேள்வி (வாணியம்பாடி, கல்லூரி மாணவர்): டாமி ஜான் ஆபரேஷன் செய்துகொண்டால் முன்பைவிட வேகம் கூடும் என்கிறார்களே அண்ணா?

பதில்: அதனால் வேகம் கூடிவிடாது தம்பி. 1974-ல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்சரின் இடது முழங்கையில் கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக, அவருடைய மற்றொரு கையிலிருந்து நரம்பு போன்ற தசைநாரை எடுத்து வைத்தார். 1975 முழுக்க ஆடாமல் இருந்து 1976-ல் திரும்பினார், 1989 வரை ஆடினார். யாராவது திரும்பி வந்து முன்பைவிட வேகமாக எறிந்தால் அது அத்தனை மாதம் செய்த பயிற்சியின் பலன். நல்ல ஜவ்வை வெட்டச் சொல்லி யாரிடமும் போய் நிற்காதே!

கேள்வி (வேலூர், 13 வயது வீரர்): கர்வ் பால் (வளைந்து போகும் பந்து) போட்டால் கை போய்விடுமா சார்?

பதில்: அது ஒன்றே காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. அளவுக்கு மீறி, களைப்போடு போடுவதே பெரிய ஆபத்து. முதலில் நேர்ப்பந்தையும், அதே வீச்சில் மெதுவாகப் போடும் சேஞ்ச்-அப்பையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்.

கேள்வி (ஆம்பூர், ஒரு அம்மா): எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

பதில்: எறியும்போது ‘டப்’பென்று சத்தம் கேட்டு வலி வந்தால், வீங்கினால், சுண்டுவிரல் மரத்துப்போனால், கையை முழுதாக நீட்ட முடியாவிட்டால் அன்றே போங்கள். முழங்கையின் வெளிப்பக்கம் வலித்து, மடக்கும்போது நடுவில் சிக்கிக்கொள்வது போல இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். மூட்டுக்குள் எலும்பும் குருத்தெலும்பும் பெயர்ந்திருக்கலாம். சி.எம்.சி.யோ அரசு மருத்துவமனையோ, எலும்பு மருத்துவரிடம் பையன் பிட்சர் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.