மனசுக்கு ஒரு ஆப்: 4.8 ஸ்டாரை நம்பிப் பணம் கட்டலாமா?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வந்து, கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா தவறி எட்டு மாசம் ஆகிறது. அதிலிருந்து ராத்திரி சரியான தூக்கம் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. டாக்டரைப் பார்க்கலாம் என்றால் வீட்டுக்காரர் 'உனக்கு என்ன பைத்தியமா' என்கிறார். அக்கா மகன் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். '21 நாளில் கவலை பறந்துவிடும்' என்று போட்டிருக்கிறது. 4.8 ஸ்டார். ஏழு நாள் இலவசம், அப்புறம் வருஷத்துக்கு 2,499 ரூபாய். உள்ளே போனதும் கான்டாக்ட், லொகேஷன் எல்லாம் கேட்கிறது. நம்பலாமா?
– பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: அந்த ஏழு நாளில் இன்று எத்தனையாவது நாள்? முதலில் அதைப் பாருங்கள். ஆப்பை அழித்துவிட்டால் கட்டணமும் நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நிற்காது. பிளே ஸ்டோரில் மேலே உங்கள் படத்தைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன் என்று ஒரு பகுதி வரும், அங்கே போய் கேன்சல் செய்ய வேண்டும். யுபிஐயில் ஆட்டோபே கொடுத்திருந்தால் ஜிபே, போன்பே எதில் கொடுத்தீர்களோ அதிலும் போய் நிறுத்துங்கள். இதைச் செய்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

ஸ்டார் விஷயத்துக்கு வருகிறேன். போட்ட அன்றைக்கே, படம் அழகாக இருக்கிறது, குரல் இதமாக இருக்கிறது என்று ஸ்டார் கொடுப்பவர்கள்தான் அதிகம். ஒரு மாசம் கழித்து அவர்களுக்குத் தூக்கம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆயிரக்கணக்கானவர்கள் போனில் போட்டிருந்த 93 மனநல ஆப்களை எடுத்துப் பார்த்தார்கள். முப்பதாவது நாளில் திறந்து பார்த்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம்தான். அதனால் நீங்களும் ரெண்டு வாரத்தில் விட்டுவிட்டால் 'என்னால் இதுகூட முடியவில்லையே' என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

புதுப் பழக்கம் வர 21 நாள் போதும் என்று சொல்வார்களே, அந்த 21 நாள் கணக்கும் அப்படித்தான். லண்டனில் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள், 2010-ல் வந்தது. ஒரு புதுப் பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது, ஆளைப் பொறுத்து 18 நாளும் ஆகலாம், 254 நாளும் ஆகலாம். அதுவும் தினம் ஒரு பழம் சாப்பிடுவது, கொஞ்சம் நடப்பது மாதிரியான பழக்கங்களுக்கு. அப்பா போன துக்கத்துக்கு இத்தனை நாள் என்று கெடு வைக்கிற ஆளை ஆப்பிலும் நம்ப வேண்டாம், வீட்டிலும் நம்ப வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் அது கான்டாக்ட் கேட்பதுதான். மூச்சுப் பயிற்சி சொல்லித்தர உங்கள் நாத்தனார் நம்பர் அதற்கு எதற்கு? அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்று பெரிய ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனம். 'நீங்கள் சொல்வது ரகசியம்' என்று சொல்லிவிட்டு, வந்தவர்களின் இமெயிலையும் அவர்கள் நிரப்பிய உடல்நல விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற கம்பெனிகளுக்குக் கொடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2023-ல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. அத்தனை பெரிய கம்பெனியே அப்படி என்றால் பெயர் தெரியாத ஆப்பை என்ன சொல்ல. பிளே ஸ்டோரில் 'டேட்டா சேஃப்டி' என்று ஒரு பகுதி இருக்கும், பாருங்கள், ஆனால் அதை நிரப்புவது ஆப் செய்தவர்களேதான் என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஆப்களை எடைபோட ஒரு முறை வைத்திருக்கிறது. யார் செய்தது, காசு எங்கிருந்து வருகிறது, தகவல் எங்கே போகிறது, இதையெல்லாம் முதலில் கேட்கச் சொல்கிறார்கள். பலன் உண்டா என்ற கேள்வியே அதற்கு அப்புறம்தான் வருகிறது. எனக்கு அந்த வரிசை பிடித்திருக்கிறது.

இன்னொரு ரகசியமும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நம் வீட்டில் போன் ஒருவருக்கு மட்டும் சொந்தமா என்ன? பிள்ளை கேம் விளையாட எடுப்பான், வீட்டுக்காரர் ஓடிபி பார்க்க எடுப்பார். பெரியார் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டிருக்கும்போது 'இன்று உங்கள் மனச்சோர்வு எப்படி இருக்கிறது?' என்று பூட்டிய ஸ்கிரீனில் கொட்டை எழுத்தில் வந்து விழுந்தால், பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்துதான் படிப்பார். ஆப் வைத்துக்கொள்வது என்றால் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள், ஆப்புக்குத் தனியாகப் பின் நம்பர் வைக்க முடியுமா என்று பாருங்கள்.

அரட்டை அடிக்கிற ஆப் என்றால் ஒரு சோதனை செய்யலாம், பக்கத்தில் அக்கா மகனையும் வைத்துக்கொண்டு. வாட்ஸ்அப்பில் அடிப்பது மாதிரி, தமிழை ஆங்கில எழுத்தில், 'வாழவே பிடிக்கலை' என்று அடித்துப் பாருங்கள். உடனே உதவி எண் கொடுத்து ஒரு மனிதரிடம் பேசச் சொன்னால் சரி. 'அருமை! இன்றைய இலக்கை முடிக்கலாமா?' என்று பூ படம் காட்டினால் அந்த நிமிஷமே அழித்துவிடுங்கள். ஒருவேளை அந்த நினைப்பு நிஜமாகவே உங்களுக்கு வருகிறது என்றால் சோதனையெல்லாம் வேண்டாம், கீழே சொல்கிற எண்ணை இப்போதே கூப்பிடுங்கள்.

அப்படியானால் ஆப்பே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனை தடவை எழுந்தோம், படபடப்பு எப்போது வந்தது என்று குறித்துவைக்க, மூச்சுப் பயிற்சிக்குத் துணையாக, இலவசமான ஒன்று இருந்தால் போதும். கணக்கு எழுதுகிற உங்களுக்கு பேரேட்டின் கடைசிப் பக்கமே போதும் என்றுதான் நினைக்கிறேன், அது யாருக்கும் விளம்பரம் விற்காது.

ஆனால் தூக்கமின்மையும் படபடப்பும் எட்டு மாசமாக இருக்கிறது என்றால் அது ஆப் பார்க்கிற விஷயமில்லை. தைராய்டு கூடினாலும் ரத்தம் குறைந்தாலும் இதே மாதிரி நெஞ்சு அடிக்கும், எந்த ஆப்பும் ஊசி போட்டு ரத்தம் எடுக்காது. வீட்டுக்காரரிடம் 'மனநலம்' என்ற பேச்சையே எடுக்க வேண்டாம், 'தூக்கம் வரலைங்க, நெஞ்சு படபடங்குது, ரத்தம் டெஸ்ட் பண்ணணும், கூட வாங்க' என்று சொல்லுங்கள், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முதலில் திருமங்கலம் அரசு ஆஸ்பத்திரியிலேயே காட்டலாம், மனநல டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்றும் அங்கேயே விசாரியுங்கள். தெரிந்தவர் கண்ணில் படும் என்று தயக்கமாக இருந்தால் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி. அங்கே இருக்கிற கூட்டத்தில் நீங்கள் எந்த டாக்டருக்குச் சீட்டு வாங்கினீர்கள் என்று யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை.

அதுவரை 14416. மத்திய அரசின் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் இது, 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் உண்டு. தூக்கம் வராத ராத்திரி ஒன்றரை மணிக்குக்கூடக் கூப்பிடலாம். பேச ஆரம்பித்ததும் அழுகை வந்தாலும் வைத்துவிடாதீர்கள், அவர்கள் காத்திருப்பார்கள்.