சிக்னலில் நின்றால் அணைந்துபோகும் பழைய கார்: கேள்வி-பதில்

பழைய பெட்ரோல் கார்களின் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் தானே மெதுவாக ஓடுவது) தொல்லை பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நிறைய கடிதங்களில் இதுவரை மாற்றிய பாகங்களின் பட்டியல் இருக்கிறது. கோளாறு எப்போது வருகிறது என்ற விவரம் இல்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா, ஏசி போட்டாலா, பிரேக் மிதித்தாலா, மழையிலா? வருவதும் போவதுமாக இருக்கும் கோளாறில் பாதி வேலையை இந்தக் கேள்விகளே முடித்துவிடும். ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் காயிலும் வாங்குவதெல்லாம் அப்புறம்.

என்னுடையது 1996 மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) மாடல். காலையில் சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் இழுப்பான்) இழுத்தால் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. சூடான பிறகு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆஃப் ஆகிவிடுகிறது. சில நாள் ஒன்றுமே இல்லை. மெக்கானிக் ஐடிலிங்கை ஏற்றி வைப்பார்; கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை. (சேலம்)

முதலில் அந்த ஐடிலிங் ஸ்க்ரூவை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் திருகும்போது த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) சற்றுத் திறக்கிறது, பெட்ரோல் வேறு வழியாக வருகிறது, கோளாறு மறைகிறது. சரியாவதில்லை. மைலேஜும் போகும்.

அடுத்த முறை தடுமாறும்போது சோக்கைக் கால்வாசி இழுத்துப் பாருங்கள். ஐடிலிங் நிதானமானால், இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை அல்லது கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழைகிறது என்று பொருள். சோக் இழுத்ததும் இன்னும் மோசமாகிக் கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகம். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டையும் நீடில் வால்வையும் பார்க்க வேண்டும்.

உங்கள் விவரத்தைப் படித்தால் முதல் வகை என்றே தோன்றுகிறது. அப்படியானால் கார்புரேட்டரில் ஒற்றை வயர் போகும் சிறிய சொலினாய்டை (மின்சார வால்வு) பாருங்கள். சாவி போட்டதும் திறந்து ஐடில் வழிக்குப் பெட்ரோல் விடுவது அதுதான். இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, அந்த வயரைக் கழற்றி மாட்டினால் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். குளிர்ந்திருக்கும்போது வந்து சூட்டில் வராமல் போனால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். சத்தம் சரியாக வந்தால் ஐடில் ஜெட்டை (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையுள்ள பாகம்) கழற்றிக் காற்றடியுங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், துளை பெரிதாகிவிடும்.

இதற்கும் அடங்காவிட்டால் வேக்யூம் லீக், அதாவது இன்ஜின் உறிஞ்சும் வழியில் வெளிக்காற்று கசிந்து நுழைவது. இந்த வயது வண்டியில் ரப்பர் ஹோஸ்கள் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நுனியில் வெடித்திருக்கும். ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு ஹோஸாக மூக்குக் குறடால் மெல்ல அழுத்திப் பாருங்கள், மேல் ஒரு துணி சுற்றிக்கொண்டு. எதை அழுத்தும்போது ஐடிலிங் திருந்துகிறதோ, அந்த ஹோஸ் அல்லது அது போய்ச் சேரும் பாகம்தான் குற்றவாளி. கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் கண்டுபிடிப்பதும் வழக்கம்தான். ஆனால் அது தீப்பிடிக்கும் சரக்கு. சூடான சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் வீட்டில் செய்து பார்க்க நான் சொல்ல மாட்டேன். பிரேக் பூஸ்டர் (இன்ஜினின் உறிஞ்சலால் பிரேக்குக்குப் பலம் கூட்டும் பாகம்) உள்ள வண்டி என்றால் பெடலை அழுத்திப் பிடித்தபடி கவனியுங்கள். 'உஸ்' சத்தத்தோடு ஐடிலிங் மாறினால் பூஸ்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. அது ஐடிலிங் கோளாறு மட்டுமல்ல, பிரேக் கோளாறும்கூட. தள்ளிப்போட வேண்டாம்.

2005 சாண்ட்ரோ ஜிங். அரை மணி நேரம் ஓடிய பிறகு, பெரும்பாலும் சிக்னலில், திடீரென்று ஆஃப் ஆகிறது. கால் மணி நேரம் விட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. பெட்ரோல் பம்ப் மாற்றியும் பயனில்லை. (கோயம்புத்தூர்)

எப்படி ஆஃப் ஆகிறது? யாரோ சாவியைத் திருப்பியது போலச் சட்டென்று அணைந்தால் கரண்ட் பக்கம் தேடுங்கள். இருமி, குலுங்கி, மூச்சு வாங்கி அணைந்தால் பெட்ரோல் அல்லது காற்றுப் பக்கம். நீங்கள் 'திடீரென்று' என்று எழுதியிருப்பதால் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல். இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று ஈசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சொல்வது அதுதான். அந்தச் சிக்னல் இல்லாவிட்டால் ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. அதனுள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் சூட்டில் விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி போய்ச் சேரும்போது நல்ல பிள்ளையாகிவிடுவது இதனால்தான்.

ஆஃப் ஆன அந்தக் கால் மணி நேரம்தான் சோதனைக்கு உகந்த நேரம். செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். கொஞ்சம்கூட அசையாமல் பூஜ்யத்தில் கிடந்தால் சென்சார் சந்தேகம் வலுக்கிறது. சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் பம்ப் ஓரிரு விநாடி முனகுகிறதா என்றும் கேளுங்கள். கை எட்டும் இடத்தில் சென்சார் இருந்தால், அதன்மேல் மட்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டதும் உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கும் பழைய வித்தையும் உண்டு. வாங்கும்போது சென்சாரோடு அதன் கனெக்டரையும் பாருங்கள். பல சமயம் பின் தளர்ந்திருப்பதுதான் காரணம்.

பம்ப் முனகவே இல்லை என்றால் அதற்குக் கரண்ட் விடும் ரிலேயைப் பார்க்க வேண்டும். மாற்றிய பம்ப் புதியது என்பதற்காக அதற்குக் கரண்ட் போகிறது என்று ஆகிவிடாது. இன்னொன்று: டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்றை உறிஞ்சும் சத்தம் பலமாக வந்து, அதன்பின் வண்டி ஸ்டார்ட் ஆனால் டேங்க்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது. இந்த ஒரு சோதனைக்குச் செலவே இல்லை. ரிசர்விலேயே ஓட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான்.

பழைய ஜென். மழை நாளில் மட்டும் மிஸ் அடித்து அணைகிறது. (நாகர்கோவில்)

சந்தேகம் டிஸ்ட்ரிப்யூட்டர் கேப் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்தனுப்பும் பாகத்தின் மூடி), பிளக் வயர் மேல்தான். இரவில், விளக்கில்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து, ஓடும் இன்ஜினில் வயர்கள்மீது லேசாகத் தண்ணீரைப் பனிபோல் தெளியுங்கள். நீலப் பொறி துள்ளும் இடம் தெரியும். கை வைத்துத் தேட வேண்டாம், ஷாக் பலமாக இருக்கும். கேப்பின் உள்பக்கம் மயிரிழைக் கீறல் இருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள்.

ஆல்ட்டோ. ஏசி போட்டு நின்றால் ஸ்டியரிங், சீட் எல்லாம் நடுங்குகிறது. ட்யூனிங் செய்தும் மாறவில்லை. (திருச்சி)

ஆர்பிஎம் ஏறி இறங்குகிறதா, அல்லது முள் அசையாமல் நிற்க உடம்பு மட்டும் நடுங்குகிறதா? முள் அசையவில்லை என்றால் இன்ஜினைக் குற்றம் சொல்ல வேண்டாம். இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் செத்திருக்கும். மூன்று சிலிண்டர் இன்ஜின் இயல்பிலேயே சற்று அதிரும், அந்த அதிர்வை விழுங்குவது ரப்பர்தான். முள் கீழே விழுந்து தடுமாறினால், கம்ப்ரசர் பாரத்துக்கு ஈடாகக் காற்று கூட்ட வேண்டிய ஐடில் வால்வு கரியில் மாட்டியிருக்கிறது.

எல்பிஜி கிட் போட்ட ஆம்னி. கேஸிலும் பெட்ரோலிலும் காலையில் ஐடிலிங் மோசம், சூடானால் பரவாயில்லை. டேப்பட் சத்தம்கூட இல்லை, இன்ஜின் நல்ல நிலையில்தான் இருக்கிறது. (தஞ்சாவூர்)

டேப்பட் சத்தம் இல்லாததுதான் எனக்குக் கவலை. பல வருடம் கேஸில் ஓடிய இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் வால்வு) மூடி உட்காரும் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். அதனால் டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் திறக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) அதிகமாகாது, குறையும். சத்தம் அடங்கும். கடைசியில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். இரண்டு எரிபொருளிலும் ஒரே தொல்லை என்பதால் கிட்டைக் குறைசொல்வதற்கு முன் டேப்பட் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். சைலன்சர் வாயில் ஒரு காகிதத்தைப் பிடித்தும் பார்க்கலாம்: வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியது, விட்டுவிட்டு உள்ளே இழுக்கப்பட்டால் வால்வு கசிகிறது. சீட்டும் வால்வும் மிகவும் போகாதிருந்தால் இடைவெளி சரிசெய்வதோடு தப்பிக்கலாம். இல்லையேல் இன்ஜின் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

சிங்கப்பூரில் வேலை. ஊரில் கார்புரேட்டர் கார் ஆறு மாதம் நின்றது. இப்போது ஸ்டார்ட் ஆகி அணைகிறது. எல்லாரும் ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலைச் சொல்கிறார்கள். (காரைக்குடி)

பங்கு உண்டு, முழுப் பழி இல்லை. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். டேங்க்கைக் காலி செய்து, ஃபில்டர் மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழுவுங்கள். பழைய ரப்பர் ஹோஸ்களும் டயஃப்ரமும் ஊறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. வெறும் பெட்ரோலுக்கு, எடையில் ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். ஈ20க்குச் சுமார் 13.5 போதும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி தானே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதனால் மிக்ஸர் ஸ்க்ரூவை (காற்று-பெட்ரோல் கலவையை மாற்றும் திருகு) ஒருமுறை பெட்ரோல் சற்றுக் கூடுதலாக வரும்படி வைக்க வேண்டியிருக்கலாம்.

ஸ்கேனரில் கோளாறு எதுவும் இல்லை என்கிறார்கள். நான் எதை நம்புவது? (வேலூர்)

ஸ்கேனரில் கோளாறு கோட் இல்லை என்றால் சென்சார்கள் தம் எல்லைக்குள் பேசுகின்றன என்றுதான் அர்த்தம்; உண்மை பேசுகின்றன என்றல்ல. காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் (சென்சார்கள் அப்போதைக்குக் காட்டும் அளவுகள்) கூலன்ட் சூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டி வெளியே உள்ள வெப்பத்தையே காட்ட வேண்டும். 28 டிகிரிக் காலையில் 60 என்று காட்டினால், குளிர்ந்த இன்ஜினுக்குச் சூடான இன்ஜினின் பெட்ரோலைத்தான் ஈசியூ கொடுக்கும். அந்த சென்சார் மலிவானது.

த்ராட்டில் பாடி சுத்தம் செய்தபின் ஐடிலிங் 1,500 ஆர்பிஎம்மில் நிற்கிறது. கெடுத்துவிட்டார்களா? (மதுரை)

அநேகமாக இல்லை. கரி படிந்திருந்தபோது அதற்கேற்ப வால்வைத் திறந்துவைக்க ஈசியூ பழகியிருந்தது. இப்போது கரி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஈசியூ புதிதாகப் பழகிக்கொள்ள, ஸ்கேனரில் ஐடில் ரீலேர்ன் செய்யுங்கள். அந்த வசதி இல்லாத மாடலில் பேட்டரி நெகடிவைச் சற்று நேரம் கழற்றி மாட்டி, ஏசி, லைட் எதுவும் போடாமல் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை ஓடவிடுங்கள். அதன்பிறகும் இறங்காவிட்டால் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை, அல்லது ஏதோ ஒரு ஹோஸை மாட்ட மறந்திருக்கிறார்கள்.