எட்டுப் பேரில் நாலு பேருக்கு நீச்சல் தெரியாது: டெக்சஸில் டியூபிங் போகலாமா?

கேள்வி: ஆஸ்டினில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாங்கள் எட்டுப் பேர். ஜூனில் ஒரு சனிக்கிழமை நியூ ப்ரான்ஃபெல்ஸ் போய் ஆற்றில் டியூபில் மிதக்கலாம் என்று பேச்சு. நாலு பேருக்கு நீச்சல் தெரியாது. கோமல் ஆறு நல்லதா, க்வாடலூப் நல்லதா? லைஃப் ஜாக்கெட் வேண்டுமா? டியூபைச் சொந்தமாகவே வாங்கிவிடலாமா? பிரிந்து போகாமல் இருக்க டியூபுகளைக் கயிற்றால் கட்டிக்கொள்ளலாம் என்கிறான் ஒருவன். சாப்பாடு கொண்டுபோக விடுவார்களா? புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும் எங்களோடு வருகிறது. தாலியோடு இறங்கலாமா என்று அந்தப் பெண் கேட்கச் சொன்னார்.

பதில்: கோமலுக்குப் போங்கள். நாலு பேருக்கு நீச்சல் தெரியாது என்று எழுதிவிட்டீர்களே, அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஆற்றைத் தேர்ந்தெடுக்கும்போது கூட்டத்தில் நன்றாக நீந்துகிறவனைக் கேட்கக் கூடாது, தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவரைக் கேட்க வேண்டும். வழக்கமாக இது தலைகீழாகத்தான் நடக்கிறது. கல்லூரியில் நீச்சல் மெடல் வாங்கியவன் க்வாடலூப் என்பான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

கோமல் ஒரு குட்டி ஆறு. நியூ ப்ரான்ஃபெல்ஸ் ஊருக்குள்ளேயே ஊற்றாகக் கிளம்பி, ஊருக்குள்ளேயே க்வாடலூப்பில் கலந்துவிடுகிறது. மொத்த நீளமே சுமார் 4 கிலோமீட்டர்தான். எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து வரும் தண்ணீர் என்பதால் வருஷம் முழுக்க 22, 23 டிகிரி செல்சியஸ். கொளுத்தும் வெயிலில் இறங்கினால் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும். அடியில் கிடக்கும் கல் தெரியும், கூடவே முன்னால் போனவர் தவறவிட்ட கூலிங் கிளாஸும் தெரியும்.

க்வாடலூப்பின் கதை வேறு. டியூபிங் நடக்கிற பகுதிக்கு மேலே 1964-இல் கட்டி முடித்த கேன்யன் அணை இருக்கிறது. தண்ணீரை ஏரியின் அடியிலிருந்து திறந்துவிடுகிறார்கள், அதனால் அணைக்குப் பக்கத்தில் சாட்லர் பகுதியில் வெயில் காலத்திலும் பல் கிட்டிப்போகும். குளிர்நீரில் மட்டும் வாழும் ட்ரவுட் மீனை டெக்சஸில் வைத்துப் பிடிக்க முடிகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அழகான ஆறு, இரண்டு கரையிலும் சைப்ரஸ் மரங்கள். ஆனால் நடுநடுவே பாறைச் சரிவுகள் உண்டு, நீர் அளவு ஒரே சீராக இருக்காது. நீச்சல் தெரிந்த நாலு பேரும் இன்னொரு வாரம் தனியாகப் போய்க்கொள்ளலாம்.

எந்த ஆறானாலும் கிளம்பும் அன்று காலை ஒரு எண்ணைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். விநாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் ஓடுகிறது என்ற எண் அது. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் இரண்டு ஆறுகளிலும் அளவி வைத்திருக்கிறது, கணக்கை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இங்கே நம்மவர்கள் ஏமாறுகிற ஓர் இடம் உண்டு. கன அடி நமக்குப் புதிய அளவில்லை. சின்ன வயதிலிருந்து வானொலியில் மேட்டூர் நீர்வரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். அங்கே பத்தாயிரம், ஐம்பதாயிரம், வெள்ளக் காலத்தில் லட்சம் என்று சொல்லுவார்கள். ‘நீர்வரத்து ஆயிரம் கன அடியாகச் சரிவு’ என்றால் டெல்டா விவசாயி தலையில் கை வைப்பார். அந்தக் காதோடு இங்கே வந்து ‘இன்னைக்கு க்வாடலூப் 900’ என்று கேட்டால், பூ இவ்வளவுதானா என்றுதான் தோன்றும். என் நண்பர் ஒருவர் அப்படியே சொன்னார், அதுவும் பவானிக்காரர்.

300 கன அடி என்றால் விநாடிக்கு சுமார் 8,500 லிட்டர். சென்னையில் தெருவுக்கு வரும் ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஒரு லாரி உங்களைத் தாண்டிப் போகிறது. 1000 கன அடி என்றால் விநாடிக்கு மூன்று லாரி. காவிரி அகலத்தில் அது பரவிவிடும், கணுக்கால்கூட நனையாது. க்வாடலூப்பில் சில இடங்களில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கல் எறியலாம். அதே தண்ணீர் அந்த இடுக்கில் புகும்போதுதான் வேகம் எடுக்கிறது. க்வாடலூப் 1000 கன அடியைத் தொட்டால் வாடகைக் கடைக்காரர்கள் டியூபே தரமாட்டார்கள். என் கணக்கு இன்னும் கறார்: நீச்சல் தெரியாதவர் கூட வந்தால் 300-க்கு மேல் க்வாடலூப் பக்கம் போகமாட்டேன்.

எண் ரொம்பக் குறைவாக இருந்தாலும் நல்லதில்லை. ஆபத்து குறைவுதான், அலுப்பு அதிகம். 2023, 2024 வறட்சியில் கேன்யன் ஏரி நிரம்பிய நாளிலிருந்து காணாத அளவுக்கு வற்றியது, க்வாடலூப்பில் டியூபைத் தலையில் சுமந்து நடந்தவர்கள் உண்டு. கோமலிலும் ஓட்டம் சுருங்கியது. 1956 வறட்சியில் கோமல் ஊற்று சில மாதங்கள் முழுக்கவே நின்றுபோயிருக்கிறது. நல்ல ஆண்டில் அங்கே 300 கன அடி ஓடும், வறட்சியில் நூறுக்குக் கீழே போய்விடும். நூறுக்குக் கீழே என்றால் இரண்டு மணி நேர மிதவை நாலு மணி நேரமாகும், அதற்கேற்பத் தண்ணீரும் சாப்பாடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோமலில் முக்கியமாக ஓர் இடத்தில் கவனம் வேண்டும். வழியில் ஒரு தடுப்பணை வரும். அதைச் சுற்றிப் போக கான்கிரீட்டில் சறுக்கு மாதிரி ஒரு வாய்க்கால் கட்டியிருக்கிறார்கள், ட்யூப் ஷூட் என்பார்கள். ஊரே அதற்காகத்தான் வருகிறது. மேலே நிதானமாக மிதந்து வருகிறவர் திடீரென்று கீழே உருட்டிவிடப்படுவார், அடியில் தண்ணீர் கொதிப்பது போலச் சுழலும். பாதிப் பேர் கவிழ்ந்துதான் வெளியே வருகிறார்கள். சிரித்துக்கொண்டேதான் எழுவார்கள், மறுக்கவில்லை. ஆனால் மூக்கில் தண்ணீர் ஏறிப் பதறுகிறவருக்கு அது சிரிப்பாக இருக்காது. உங்கள் நாலு பேரும் அதற்கு முன்னாலேயே கரையேறி, டியூபைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய்க் கீழே இறங்கட்டும். யாராவது கிண்டல் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

கவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது? நம்மவர்கள் தண்ணீரில் விழுந்ததும் செய்கிற முதல் காரியம் எழுந்து நிற்பது. ஓடுகிற தண்ணீரில் அதுதான் தப்பு. அடியில் சுண்ணாம்புப் பாறை, இடுக்கும் பொந்துமாக இருக்கும். காலை ஊன்றினால் பாதம் இடுக்கில் மாட்டும். பின்னாலிருந்து தண்ணீர் தள்ளும், உடம்பு முன்னால் சாயும், முகம் தண்ணீருக்குள் போகும். இடுப்பளவு தண்ணீரில் ஆள் போவது இப்படித்தான். அதனால் விழுந்ததும் மல்லாந்து படுங்கள், கால் இரண்டும் நீரோட்டம் போகிற திசையில் மேலே தெரியட்டும், கட்டைவிரலை நீங்களே பார்க்க முடிய வேண்டும். அப்படியே மிதந்து, கையால் துழாவிக் கரைப் பக்கம் ஒதுங்குங்கள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் இதை ஹாலில் பாய் விரித்து எல்லோரையும் ஒரு தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாயால் சொன்னால் தண்ணீரில் ஞாபகம் வராது, உடம்பு ஒரு தடவை படுத்துப் பார்த்திருந்தால் வரும்.

லைஃப் ஜாக்கெட் வேண்டுமா? வேண்டும். நீச்சல் தெரியாத நாலு பேருக்கும், வாங்கின நிமிடத்திலிருந்து திருப்பிக் கொடுக்கிற வரைக்கும், பக்கிள் போட்டபடி. டியூபில் தலையணையாக வைத்துக்கொள்வது ஜாக்கெட் போட்டதாகாது. போட்ட பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது தளர்வு, தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும்.

கயிறு விஷயத்துக்கு வருகிறேன். நானே பட்ட பாடு இது. ஏழெட்டு வருஷம் முன்னால் க்வாடலூப்பில் ஐந்து டியூபுகளை நைலான் கயிற்றால் மாலை மாதிரி கட்டிக்கொண்டு மிதந்தோம். ஒரு வளைவில் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு சைப்ரஸ் மரம் நின்றது. இரண்டு டியூப் இடப்பக்கம் போனது, மூன்று வலப்பக்கம். கயிறு மரத்தில் விழுந்து விறைத்தது, வீணைத் தந்தி மாதிரி. மரத்தை ஒட்டியிருந்த டியூப் செங்குத்தாக நிமிர்ந்தது, அதில் இருந்தவரின் கணுக்காலைச் சுற்றிக் கயிறு. முடிச்சு நனைந்து இறுகிவிட்டது, நகத்தால் பிய்த்தும் அவிழவில்லை. பின்னால் வந்த ஒரு மீன்பிடிக்காரர் கத்தியால் ஒரே வெட்டு வெட்டினார். கணுக்காலில் தோல் உரிந்ததோடு போயிற்று. அதிலிருந்து கயிறு கொண்டுபோவதில்லை. பக்கத்து டியூபின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது காலை அடுத்தவர் டியூபின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். பாலத் தூணோ மரமோ வந்தால் விட்டுவிடலாம். பிரிந்துபோனால் என்ன, கீழே சேர்ந்துகொள்ளப் போகிறீர்கள். நீந்தத் தெரிந்தவர் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில் என்று வைத்துக்கொண்டால் போதும்.

சொந்த டியூப் வேண்டாம். சூப்பர்மார்க்கெட்டில் விற்பது நீச்சல் குளத்துக்கான பிளாஸ்டிக், சுண்ணாம்புப் பாறையில் ஒரு உரசல் போதும். வாடகைக் கடையில் தடித்த டியூப் கிடைக்கும், கரையேறுகிற இடத்திலிருந்து வண்டி நிற்கிற இடத்துக்குத் திரும்ப பஸ்ஸும் விடுவார்கள். அந்த பஸ்தான் முக்கியம். ஆறு உங்களைக் கொண்டுபோய் விடுகிற இடத்தில் உங்கள் கார் இருக்காது என்பதைக் கடைசியில் நினைத்துப் பார்க்கிற கூட்டங்கள் நிறைய. அடிப்பக்கம் துணி வைத்த டியூப் ஒன்றிரண்டு கேட்டு வாங்குங்கள், தண்ணீர் குறைந்த இடத்தில் பாறை பின்புறத்தைப் பதம் பார்க்காது. மற்றவர்கள், முன்னால் போகிறவர் கத்தியதும் இடுப்பைத் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். சனிக்கிழமை மதியம் கோமல் தி.நகர் ரங்கநாதன் தெரு மாதிரி இருக்கும், அதனால் காலை பத்து மணிக்குள் தண்ணீரில் இருங்கள்.

சாப்பாட்டில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நியூ ப்ரான்ஃபெல்ஸ் நகர எல்லைக்குள் ஓடும் ஆற்றில் தூக்கியெறியும் டப்பாக்களுக்குத் தடை. பீர் கேன், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எதுவும் கூடாது. 2011-இல் ஊர் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம், நீதிமன்றத்தில் அடிபட்டு 2017-இல் மறுபடி நடைமுறைக்கு வந்தது. திரும்பப் பயன்படுத்தும் பாத்திரம் என்றால் தடையில்லை. அதாவது எவர்சில்வர் டிபன் பாக்ஸ்! புளியோதரையோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொள்ளுங்கள். தயிர் சாதம் வெயிலில் புளித்துவிடும், அதை காரில் ஐஸ் பெட்டியில் வைத்துக் கரையேறிய பிறகு சாப்பிடலாம். ஆற்றுக்குக் கொண்டுபோகும் கூலர் ஆளுக்கு ஒன்றுதான், 30 குவார்ட்டுக்கு (சுமார் 28 லிட்டர்) மேல் கூடாது, மூடி பூட்டிக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். கண்ணாடி பாட்டில் எங்குமே வேண்டாம். பீர் குடிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்காமலே சொல்கிறேன்: வண்டி ஓட்டுகிறவரும், நீச்சல் தெரியாதவரும், அவரைப் பார்த்துக்கொள்கிறவரும் குடிக்க வேண்டாம். எட்டுப் பேரில் மிச்சம் யார் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

மழையை மறந்துவிடாதீர்கள். 2025 ஜூலை 4 அன்று க்வாடலூப்பின் மேற்பகுதியில், கெர் மாவட்டத்தில் வந்த வெள்ளம் விடிவதற்குள் நூறு பேருக்கு மேல் கொண்டுபோனது. அது கேன்யன் அணைக்கு மேலே நடந்தது. நாம் மிதப்பது அணைக்குக் கீழேதானே என்று நிம்மதியாக இருக்க முடியாது, அணைக்குக் கீழே பெய்கிற மழையை அணை தடுக்காது. 1998 அக்டோபர் வெள்ளம் நியூ ப்ரான்ஃபெல்ஸையே புரட்டிப்போட்டது. முந்தின இரவு அந்தப் பகுதியில் கனமழை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஆற்றில் இருக்கும்போது இடி கேட்டால் கரையேறுங்கள். தெளிவாக இருந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும் அப்படியே.

செருப்பு பின்பட்டை உள்ளதாக இருக்கட்டும், ஹவாய் செருப்பு முதல் பாறையிலேயே தனியாக டியூபிங் போய்விடும். பருத்தி பனியனும் சுடிதாரும் நனைந்தால் கனக்கும், துப்பட்டா வேண்டவே வேண்டாம். சன் ஸ்கிரீனை முகத்தில் பூசுகிற நாம் மறப்பது பாதத்தின் மேல்பக்கத்தை. மூன்று மணி நேரம் வானத்தைப் பார்த்துக் கிடப்பது அதுதான், மறுநாள் ஷூ போட முடியாது. கார் சாவி ஒன்றை மட்டும் தண்ணீர் புகாத பையில் போட்டு ஜாக்கெட்டில் கட்டுங்கள்.

தாலி பற்றிக் கேட்ட பெண்ணுக்கு: மோதிரத்தைக் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் நழுவினது தெரியவே தெரியாது. தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் சங்கிலியிலிருந்து எடுத்து மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, கழுத்தை ஒட்டின நீச்சல் சட்டைக்குள் விட்டு, மேலே ஜாக்கெட் பக்கிளைப் போட்டுவிடுங்கள். எதிலாவது மாட்டி இழுத்தால் கயிறோ சங்கிலியோ கழுத்தை அறுக்கும், அதனால் வெளியே தெரியாமல் இருக்கட்டும். கயிறு அறுந்தாலும் தாலி சட்டைக்குள்தான் கிடக்கும். ஊரில் மாமியார் கேட்டால், ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரையில் கயிறு மாற்றுகிறோமே, அது மாதிரி என்று சொல்லிவிடலாம்.