ஓவியம் படிக்கும் பிள்ளைக்கு விற்கவும் தெரிய வேண்டும்

"நன்றாகத்தான் வரைகிறாள், ஆனால் இதை வைத்துப் பிழைக்க முடியுமா?" பிள்ளையை ஓவியப் படிப்பில் சேர்த்த பெற்றோர் எல்லோருக்கும் உள்ள கவலை இது. கேள்வியைச் சற்று மாற்றிக் கேளுங்கள். ஒரு படத்திலிருந்து எத்தனை வழிகளில் பணம் வரும்? ஒவ்வொரு வழியிலும் செலவு போகக் கையில் எவ்வளவு நிற்கும்? இப்படிக் கேட்டால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பெரிய கேன்வாஸ் ஒன்று நல்ல விலைக்குப் போகும் என்று காத்திருந்து காலம் கழித்தவர்கள் பழைய காலத்திலும் உண்டு. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1509-ல் ஒரு வணிகருக்குக் கடிதம் எழுதினார். அந்த வணிகர் கேட்ட தேவாலயப் பலிபீட ஓவியத்தில் மெனக்கெட்ட நேரத்துக்கு, தகட்டில் செதுக்கி அச்சடிக்கும் படங்களே போட்டிருந்தால் கூடுதலாகச் சம்பாதித்திருப்பேன் என்று அதில் அலுத்துக்கொள்கிறார். அந்த அச்சுப் படங்களைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றவர் அவர் மனைவி ஆக்னஸ். வரைகிற ஆளே கடையும் நடத்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கணக்கு தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் பாதிச் சுமை குறையும். பெற்றோருக்கு இங்கே வேலை இருக்கிறது.

முதலில் விலை. மாணவர்கள் மனதுக்குப் பட்டதைச் சொல்கிறார்கள். உயிரைக் கொடுத்து வரைந்த படத்துக்கு ஒரு விலை, சுமாராக வந்ததற்கு ஒரு விலை. வாங்க வருபவருக்கு இது புரியாது. ஒரே அளவு, ஒரே வண்ணம், ஆனால் ஒன்று மட்டும் மூன்று மடங்கா என்று யோசித்துக்கொண்டே போய்விடுவார். அளவை வைத்து விலை சொல்வதே நல்லது. அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிச் சதுர செ.மீ.க்கு இவ்வளவு என்பது ஒரு கணக்கு. இரண்டையும் கூட்டிச் செ.மீ.க்கு இவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. 30×40 செ.மீ. படத்தையும் 60×80 செ.மீ. படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 1,200, 4,800. பெரிய படத்தின் விலை நான்கு மடங்கு. கூட்டினால் 70, 140; இரண்டு மடங்குதான். பெருக்கல் கணக்கில் பெரிய படங்கள் விலைபோகாமல் தேங்கும், சின்னப் படங்கள் அடிமாட்டு விலைக்குப் போகும். பல அளவுகளில் வரைபவருக்குக் கூட்டல் கணக்குதான் ஒத்துவரும்.

செ.மீ. விலையைக் கண்டுபிடிக்கக் கடைசியாக முடித்த ஐந்து படங்களை எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் வண்ணம், கேன்வாஸ், ஃப்ரேம் செலவோடு, வேலை செய்த மணி நேரத்துக்கு ஒரு கூலியும் சேர்த்து, அகலமும் உயரமும் கூட்டிய எண்ணால் வகுங்கள். ஐந்து விடைகளின் சராசரி, படம் கையைவிட்டுப் போகும்போது செ.மீ.க்குக் குறைந்தபட்சம் கிடைக்க வேண்டிய தொகை. விற்பனை விலை அதைப்போல் இரண்டு மடங்கு. ஏன் இரண்டு மடங்கு என்றால், கேலரிகள் வழக்கமாக 40 முதல் 50 சதவீதம் கமிஷன் எடுக்கும். மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். வீட்டிலிருந்து விற்கும்போது பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, கேலரியில் அதே படத்துக்கு இரட்டை விலை போடுகிறார்கள். வாங்குபவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கேலரிக்காரர் அதன்பின் கூப்பிடமாட்டார். எங்கே விற்றாலும் ஒரே விலை. நேரடியாக விற்றால் கமிஷன் மிச்சம், அவ்வளவுதான். ஏற்றுவதாக இருந்தால் 10 சதவீதம்போலச் சிறிது சிறிதாக ஏற்றலாம். விலையை இறக்கினால் முன்பு முழு விலை கொடுத்தவர் ஏமாந்ததாக நினைப்பார்.

கேலரிகள் பெரும்பாலும் படத்தை விலைகொடுத்து வாங்குவதில்லை. விற்ற பிறகுதான் பணம். ஆகவே படத்தைக் கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் தலைப்பு, அளவு, வண்ண வகை, விலை, கமிஷன் சதவீதம், எத்தனை மாதம் அங்கே இருக்கும், விற்ற எத்தனை நாளில் பணம், அங்கே இருக்கும்போது சேதமானால் யார் பொறுப்பு, போக்குவரத்து யார் செலவு. தள்ளுபடி பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். கேலரி 15 சதவீதம் குறைத்துக் கொடுத்துவிட்டு அதை ஓவியர் பங்கிலிருந்து மட்டும் கழிப்பது அடிக்கடி நடக்கிறது. விற்கும்வரை படம் ஓவியருக்கே சொந்தம் என்றும் எழுதுங்கள். கேலரி கடனில் மூழ்கி மூடினால் அந்த வரி கைகொடுக்கும். சுவருக்கு வாடகை கேட்கும் கேலரியை யோசித்தே தொட வேண்டும். ஓவியரிடமே பணம் வாங்கிவிட்டவருக்கு வாங்குபவரைத் தேடும் அவசரம் இருக்காது.

ஒரு படத்தைப் பல முறை விற்கும் வழி பிரின்ட். அதற்கு நல்ல புகைப்படம் வேண்டும். படத்தை நேராக மாட்டி, இருபுறமும் 45 டிகிரியில் ஒரேமாதிரி இரண்டு விளக்கு வைத்து, கேமராவின் முகம் படத்துக்கு இணையாக இருக்கும்படி நிறுத்தி, நிறத்தைச் சரிபார்க்கப் பக்கத்தில் ஒரு வண்ண அட்டையையும் சேர்த்து எடுங்கள். கேமரா சாய்ந்தால் செவ்வகம் கோணும். விளக்கு எதிரே இருந்தால் ஆயில் படம் பளபளக்கும். ஏ3 அளவில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 3508×4961 பிக்சல் தேவை, ஏறத்தாழ 17 மெகாபிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும் என்பதால் மூலக் கோப்பையே அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அமிலமற்ற பருத்தித் தாளும் பிக்மென்ட் (நிறமித் துகள்) மையும் கேளுங்கள். சாய மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். 50 பிரதி என்று அறிவித்தால் 50தான். பென்சிலில் இடப்பக்கம் 12/50 என்று எண், வலப்பக்கம் கையெழுத்து. 51-ஆவது பிரதி எடுத்தால் முன்பு வாங்கிய ஐம்பது பேருக்கும் செய்த துரோகம். வேறு அளவில் பின்னால் அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

விலை கொடுத்து வாங்கிய மூலப் படமும் வெளுக்கக் கூடாது. வண்ண டியூபில் வெளிச்சத் தாங்குதிறன் போட்டிருப்பார்கள். ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் அளவுகோலில் 1, 2 உள்ளவை மட்டும் விற்பனைப் படத்துக்கு. அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பு பார்க்க அழகு, வெயில்படும் சுவரில் நிற்காது.

ஆர்டர் எடுத்து வரைவதில் வரவு சீக்கிரம், சண்டையும் சீக்கிரம். பாதித் தொகை முன்பணமாக வந்தபின் தொடங்குங்கள். முதலில் சிறு ஸ்கெட்ச் காட்டி "இதுவே சரி" என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்குப்பின் இரண்டு திருத்தம் மட்டுமே, மேற்கொண்டு கேட்டால் தனிக் கட்டணம். மீதிப் பணம் வந்தபின்தான் படம் போக வேண்டும். முகம் வரைய வாடிக்கையாளர் கொடுக்கும் புகைப்படத்தை எடுத்தவர் யார் என்று கேட்டுவிடுங்கள். இணையத்தில் எடுத்ததைப் பார்த்து வரைந்து விற்பது ஆபத்து. பாடகர் பிரின்ஸைப் புகைப்படக்காரர் லின் கோல்ட்ஸ்மித் 1981-ல் எடுத்த படத்திலிருந்து அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் படங்கள் செய்தார். அவற்றில் ஒன்றை வார்ஹோல் அறக்கட்டளை பத்திரிகைக்கு உரிமம் கொடுத்ததில் எழுந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-ல் புகைப்படக்காரர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. பெயர்பெற்ற ஓவியரின் படத்துக்கே அந்த நிலை.

பதிப்புரிமையைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. படத்தை விற்றால் பொருள்தான் கைமாறுகிறது. ஆர்டருக்கு அல்லாமல் தானாக வரைந்த படம் என்றால், எழுதிக் கொடுத்தால் ஒழிய அச்சடிக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும். பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தின்படி அது ஓவியர் இறந்தபின்னும் குறைந்தது 50 ஆண்டு. பல நாடுகளில் இன்னும் கூடுதல். நாட்காட்டிக்கும் புத்தக அட்டைக்கும் படம் கேட்டால் அந்த உரிமையைத்தான் வாடகைக்கு விடுகிறோம். எந்தப் பொருளில், எந்த நாட்டில், எத்தனை ஆண்டு, அவருக்கு மட்டுமா என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். ராயல்டி (விற்பனையில் இத்தனை சதவீதம்) என்றால் சில்லறை விலையிலா மொத்த விலையிலா என்றும் கேளுங்கள். ஒரே 5 சதவீதம், ஆனால் தொகை பாதியாகிவிடலாம். "அனைத்து உரிமைகளும்" என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள், அல்லது அதற்கேற்ற விலை கேளுங்கள். ஓவியப் போட்டிகளின் நிபந்தனைகளிலும் இந்தச் சொல் ஒளிந்திருக்கும். பரிசு ஒருவருக்கு, உரிமை பறிபோவது எல்லோருக்கும்.

அனுப்பும்போது பபிள் ராப்பை வண்ணத்தின்மேல் நேராகச் சுற்றாதீர்கள். அக்ரிலிக் வெப்பத்தில் இளகும், குமிழ்த் தடம் அப்படியே பதியும். முதலில் கிளாசின் என்ற வழுவழுப்பான தாள், மூலைகளுக்கு அட்டை, பிறகு பபிள் ராப், வெளியே இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டி. கேன்வாஸைச் சுருட்டுவதானால் வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே சுருட்டினால் வண்ணம் நெருக்குண்டு சுருங்கும். ஆயில் படம் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே முழுதும் காயத் தடிமனைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும். ஈரத்தோடு சுற்றி அனுப்பிய படம் தாளோடு ஒட்டியபடிதான் போய்ச் சேரும். கண்ணாடி ஃப்ரேமைவிட அக்ரிலிக் தகடு போட்டது பயணத்துக்கு ஏற்றது.

கடைசியாக, பெற்றோர் கையில் எடுக்க வேண்டிய ஒரு நோட்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண். தேதி, அளவு, செலவு, இப்போது எங்கே இருக்கிறது, என்ன விலைக்குப் போனது, யார் வாங்கினார், அவருடைய தொடர்பு விவரம். ஒருமுறை வாங்கியவரே மறுமுறையும் வாங்க வாய்ப்பு அதிகம். புதுப் படங்கள் முடிந்ததும் ஊருக்கெல்லாம் அறிவிக்கும் முன் அந்த நோட்டில் உள்ளவர்களுக்கு இரண்டு நாள் முன்னதாகக் காட்டுங்கள்.