கோடைப் பயிற்சி விடுதிக்குப் போகும் முன் மகன் கைக்கு மாற வேண்டியவை

ஏடிஹெச்டி (கவனக் குறைவு, மிகைத் துறுதுறுப்பு) உள்ள உங்கள் மகன் அமெரிக்காவில் ஹைஸ்கூல் முடித்துவிட்டான். கல்லூரி தொடங்கும் முன் சில வாரம் வளாகத்திலேயே தங்கிப் பழகும் கோடைப் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது. பாடத்தைச் சமாளிப்பானா என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் சமாளிப்பான். தடுமாற்றம் வருவது காலையில் எழுவதில், மாத்திரையில், சாப்பாட்டில். வெர்மான்ட்டில் இத்தகைய மாணவர்களுக்காகவே நடக்கும் லேண்ட்மார்க் கல்லூரியோ உங்கள் ஊர் மாநிலக் கல்லூரியோ, எங்கு போனாலும் இதுதான்.

முதலில் காகிதம். பள்ளியில் வாங்கிய ஐஇபி, அதாவது அவனுக்கென்று எழுதிய தனிக் கல்வித் திட்டம், பள்ளியோடு முடிந்தது. கல்லூரியில் செல்லுபடியாவது 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும், மாற்றுத்திறனாளிகளுக்கான 1990இன் ஏடிஏ சட்டமும். பள்ளி உங்கள் பையனைத் தேடி வந்து உதவியது, கல்லூரி வராது. மாற்றுத்திறனாளி மாணவர் அலுவலகத்தில் அவனே பதிந்து, மருத்துவச் சான்று கொடுத்துக் கேட்க வேண்டும். தனி அறையோ அமைதியான மாடியோ தேவையென்றால் அறை ஒதுக்குவதற்கு முன்பே கேட்கட்டும். பிறகு கேட்டால் நியாயம் இருந்தாலும் அறை இருக்காது. கல்விப் பதிவேடுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி, 18 வயது ஆகாவிட்டாலும் கல்லூரி மாணவனானதும் பதிவேடுகள் மீதான உரிமை அவனுடையது. அவன் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடாமல், நீங்கள் போன் செய்தால் விவரம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. 18 ஆனவனுக்கு மருத்துவத் தகவலிலும் இதே கதை. இரண்டு படிவங்களையும் பெட்டி கட்டும் முன்பே முடியுங்கள்.

அதிகம் சிக்குவது மாத்திரையில். ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமைன் வகை மருந்துகளுக்கு ரீஃபில் கிடையாது. ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு வேண்டும். மாநில விதி தடுக்காவிட்டால், 90 நாளுக்கான சீட்டுகளை டாக்டர் தேதி பிரித்து ஒரே நேரத்தில் எழுதித் தரலாம். வெளி மாநிலச் சீட்டுக்கு மருந்து தர மறுக்கும் கடைகளும் உண்டு. வளாகத்துக்குப் பக்கத்துக் கடையை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தீர்ந்துபோனால் தபாலில் அனுப்பலாம் என்று எண்ண வேண்டாம், சட்டம் அனுமதிக்காது. மாத்திரை அதன் சொந்தப் புட்டியில், சிறு பூட்டுப் பெட்டிக்குள் இருக்கட்டும். தேர்வுக்கு முன்தினம் "ஒன்றே ஒன்று கொடு" என்று நண்பன் கேட்பான். கொடுத்தால் அது குற்றம் என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லி அனுப்புங்கள்.

இந்த மருந்துகள் பகல் பசியை அடக்கும். மதியம் தட்டைத் தள்ளிவிட்டு வருபவனுக்கு இரவு ஒன்பதுக்குப் பசிக்கும். அப்போது உணவுக்கூடம் மூடியிருக்கும். மாத்திரைக்கு முன் வயிறு நிறையக் காலைச் சாப்பாடு, அறையில் கடலை, அவல், பருப்புப் பொடி. சைவமென்றால் சூப்பில் கோழிச்சாறு, ஜெல்லியில் ஜெலட்டின் இருக்கிறதா என்று அவனே பரிமாறுபவரிடம் கேட்கப் பழகட்டும். ரைஸ் குக்கரும் ஊதுபத்தியும் பெரும்பாலான விடுதிகளில் கூடாது. சாமி படத்துக்கு பேட்டரி விளக்கு போதும். இரைச்சல் தாங்காதவனென்றால் கூட்டம் சேரும் முன்பே சாப்பிடப் போகலாம்.

மெத்தை பெரும்பாலும் 80 அங்குல நீளம். வீட்டிலுள்ள 75 அங்குல விரிப்பு பொருந்தாது, ட்வின் எக்ஸ்எல் என்ற நீள அளவு விரிப்பை வாங்குங்கள். துணி துவைப்பதைப் போகும் முன் நாலைந்து முறை தனியாகச் செய்யட்டும்: இயந்திரத்தில் முக்கால் பங்குக்கு மேல் திணிக்காமல், உலர்த்தும் முன் பஞ்சு வடிகட்டியைத் துடைத்து, முடியும் நேரத்துக்குப் போனில் அலாரம் வைத்து. அலாரம் இல்லாவிட்டால் ஈரத் துணியை அடுத்தவன் தரையில் எடுத்துப் போட்டிருப்பான்.

எழுப்புவதை இன்றே நிறுத்துங்கள். இரண்டு அலாரம், ஒன்று கைக்கெட்டாத தூரத்தில். வீட்டில் ஒரு நாள் தூங்கி ஏதாவது ஒரு வேலையைத் தவறவிட்டால் நஷ்டம் குறைவு.

போய்ச் சேர்ந்தபின் தினமும் வீடியோ அழைப்பு வேண்டாம். புதன், ஞாயிறு போதும். முதல் வாரக் கடைசியில் "கூட்டிக்கொண்டு போ" என்று அழுதாலும் காரை எடுக்காதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று விட்டுப்போயிருக்கும். அறைத் தோழனோடு தகராறு என்றால், மாடிக்குப் பொறுப்பான மூத்த மாணவருக்கு அவனே செய்தி அனுப்பட்டும். தயங்கினால் வாசகத்தைச் சேர்ந்து எழுதுங்கள், அனுப்பும் பொத்தானை அவன் அழுத்தட்டும்.