பழங்குடி மரபறிவு பற்றிய பல்கலைக்கழக ஆய்வில் வேலைக்குச் சேரலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. தாவரவியல் முடிக்கப் போகிறேன். பழங்குடி மக்களின் மூலிகை அறிவைப் பதிவு செய்யும் ஆய்வுத் திட்டத்தில் சேரலாமா? வேலை எப்படி இருக்கும்?

தாராளமாகச் சேரலாம். ஆனால் யாருடைய திட்டம் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் இதே வேலையைத்தான் பார்க்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

தினமும் காட்டில் சுற்றலாம் என்ற எண்ணத்தில் வந்தால் முதல் சில மாதங்கள் கசக்கும். வனத்துறை அனுமதி, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், ஊர்க்கூட்டத்தின் சம்மதம் எல்லாம் கிடைத்த பிறகுதான் ஒரு செடியைத் தொட முடியும். காலையில் போனால் ஊரில் ஆள் இருக்காது, ரப்பர் பால்வெட்டுக்குப் போயிருப்பார்கள். ரப்பர் வேலை முடிந்து சாப்பிட்டு உட்கார்ந்த பிறகுதான் பேச்சு. மருந்து தெரிந்த பெரியவர் ஒருவரைக் காட்டுக்குள் கூட்டிப்போனால் அவருடைய அன்றைய கூலி போய்விடும். அதைத் திட்டப் பணத்திலிருந்து கொடுத்தே ஆக வேண்டும். இதற்கென்று நிதி ஒதுக்காத திட்டங்கள் இன்னும் இருக்கின்றன என்பது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம்.

செடி கிடைத்ததும் பூவோ காயோ உள்ள கிளையாகப் பார்த்து எடுத்து, பழைய செய்தித்தாளில் விரிப்போம். ஓர் இலையையாவது புரட்டி அடிப்பக்கம் தெரியும்படி வைத்து, பலகைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டுவோம். தாளைத் தினமும் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாள் விட்டாலும் பூஞ்சை பிடித்துவிடும். கூடவே குறிப்பேட்டில் இடம், தேதி, ஊர்ப்பெயர், பயன்பாடு, சொன்னவர் பெயர் எல்லாம் எழுதுவோம்.

பயன்பாடு என்ற அந்தக் கட்டத்தில்தான் இந்த வேலையின் முழுப் பாரமும் இருக்கிறது. ஒரு முறை பெரியவர் ஒருவர் ஒரு கொடியைக் காட்டிப் பேசத் தொடங்கினார். நடுவில் நிறுத்தி, "இது எழுதாண்டாம் மக்கா, கேட்டுக்கிட்டாப் போதும்" என்றார். ரெக்கார்டரை அணைத்துவிட்டோம். அந்தக் கொடியின் மாதிரியை வைத்த தாளில் பெயர் உண்டு, பயன்பாடு வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆய்வுக் கூட்டத்தில் அது ஏன் வெறுமை என்று கேட்டார்கள். சொல்லப்பட்டதை எல்லாம் எழுதும் உரிமை நமக்கு இல்லை என்று எங்கள் பேராசிரியர் பதில் சொன்னார். அவரிடம் வேலை பார்ப்பது எனக்குப் பெருமை.

ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1987இல் அகத்தியமலையில் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் போன ஆய்வுக் குழுவோடு வழிகாட்டிகளாக நடந்த காணி இளைஞர்கள், களைப்புத் தெரியாமல் இருக்க அந்தச் செடியின் சிறுபழத்தைத் தின்றுகொண்டே வந்தார்கள். அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரம் பக்கம் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. மருந்தைத் தயாரிக்கும் நிறுவனம் தரும் உரிமத் தொகை பத்து லட்சம் ரூபாய், விற்பனையில் இரண்டு சதவீதம் ராயல்டி, இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997இல் அவர்களுக்காக அறக்கட்டளையும் பதிவானது. உலகம் முழுக்க இதை முன்னுதாரணமாகப் பேசினார்கள், 2002இல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் பரிசும் கிடைத்தது.

ஆனால் வழிகாட்டிகளின் ஊர்ப்பக்கம் சேர்ந்த பங்கு மற்ற ஊர்க் காணிகளுக்குச் சேரவில்லை என்ற மனக்குறை எழுந்தது. பரம்பரை வைத்தியர்களான பிலாத்திகள் சிலர், "எங்களைக் கேட்காமல் யார் சொன்னது" என்று எதிர்த்தார்கள். செடியைக் காட்டிலிருந்து எடுக்க வனத்துறை தடை போட்டதால், இலை விற்றுக் காசு பார்க்கும் வழியும் அடைபட்டது. நல்ல எண்ணத்தோடு செய்ததிலேயே இவ்வளவு சிக்கல். ஒருவர் சம்மதித்தால் ஊரே சம்மதித்ததாக ஆகாது என்பதை நான் இந்த வரலாற்றிலிருந்துதான் படித்தேன். அதனால்தான் ஒரே விஷயத்துக்காகத் திரும்பத் திரும்ப ஊர்க்கூட்டத்தில் போய் உட்காருகிறோம். திட்ட அறிக்கை அதனால் தாமதமாகிறது, ஆகட்டும்.

இது சம்பந்தமான சட்டங்களைப் படித்துவிட்டு வாருங்கள். 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தை எல்லோரும் சொல்வார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மரபறிவின் மீதான சமூக உரிமையையும் அங்கீகரிக்கிறது என்பது ஆய்வாளர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஊரில் ஒரு பெரியம்மாவுக்கு அதை நான் வாசித்துக் காட்டியபோது, "அப்போ நாங்க மாட்டேன்னு சொல்லலாமா?" என்று கேட்டார். சொல்லலாம் என்றேன்.

சம்பளம்: நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். அது இல்லாமல் திட்டப் பணியாளராகச் சேர்ந்தால் பெரும்பாலும் அதைவிடக் குறைவு, திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். வீட்டுப் பொறுப்பு இருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நேர்முகத் தேர்வில் நீங்களும் கேள்வி கேளுங்கள். கூட வருபவர்களுக்குக் கூலி உண்டா? கட்டுரையில் அவர்கள் பெயர் வருமா? முடிவுகளைத் தமிழில் அச்சடித்து ஊருக்குக் கொடுக்க நிதி இருக்கிறதா? அப்புறம், ஊர் வேண்டாம் என்றால் திட்டத்தை நிறுத்துவீர்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு திட்டம் பாருங்கள்.